ஒரு பிள்ளைக்காகப் பஸ் வராது. இருபது பிள்ளைகளுக்கு வரும்

கேள்வி



நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 41. என் அம்மாவும் அப்பாவும் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் இந்த வருஷம் பத்தாவதில் 500-க்கு 421 மார்க் வாங்கியிருக்கிறாள். ‘கட்டாயம் ப்ளஸ் ஒன் சேருங்க, சயின்ஸ் குரூப் எடுக்கட்டும்’ என்று டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். மகளுக்கும் அதுதான் ஆசை.

மேல்நிலைப் பள்ளி எங்கள் லைன் குடியிருப்பிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ்தான் சரிப்படும். அதைப் பிடிக்கத் தேயிலைக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். சாயங்காலம் இறங்கும்போது இருட்டிவிடும். யானை நடமாடும் பாதை அது. சிறுத்தையும் உண்டு. ‘பொம்பளப் பிள்ளைக்குப் பத்தாவது போதும்’ என்கிறார் மாமியார். மகன் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது முடித்திருக்கிறான். அவனுக்கு வேன் வாசல் பக்கம் வருகிறது. இரண்டு பேருக்கும் செலவு செய்ய முடியாது என்பது வீட்டுக்காரர் பேச்சு. ‘மகளுக்குப் பதினெட்டு ஆனதும் தோட்டத்துல பேர் பதிஞ்சுட்டா நாம ரிட்டயர் ஆனாலும் வீடு கையில இருக்கும்’ என்றும் சொல்கிறார். நடுவில் திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் வந்து, மூன்று வருஷம் வேலை செய்தால் மொத்தமாகப் பணம் தருவார்கள் என்று ஆசை காட்டிவிட்டுப் போனார். சாதிச் சான்றிதழ் கேட்டால், ‘சிலோன்காரங்களுக்கு எதை வச்சுக் கொடுக்கிறது’ என்று அலைய விடுகிறார்கள்.

இன்னொன்றும் மனசை அறுக்கிறது. எங்கள் லைனுக்குக் கீழே பணியர் பழங்குடிக் காலனி இருக்கிறது. அங்கே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, நன்றாகப் பாடுவாள். தாய் தகப்பனோடு கர்நாடகாவுக்கு இஞ்சிக் காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. ‘அதுங்க படிக்காதுங்க’ என்று லைனில் எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். என் பிள்ளைக்கே வழி தெரியாதபோது அந்தப் பிள்ளையைப் பற்றி நான் பேசலாமா?

— ஒரு தாய், பந்தலூர் வட்டம்

பதில்

அன்புச் சகோதரி,

உங்கள் மகளைப் ப்ளஸ் ஒன் சேருங்கள். அவள் ஆசைப்படும் சயின்ஸ் குரூப்பிலேயே சேருங்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

கடைசியில் கூச்சத்தோடு ஒன்று கேட்டிருக்கிறீர்கள், காலனிப் பிள்ளையைப் பற்றிப் பேசலாமா என்று. பேசத்தான் வேண்டும். உங்கள் மகளுக்கான வழியும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிள்ளைக்காகப் போக்குவரத்துக் கழகம் பஸ் நேரத்தை மாற்றாது. உங்கள் லைனிலிருந்தும் காலனியிலிருந்தும் பக்கத்து டிவிஷனிலிருந்தும் இருபது பிள்ளைகள் புறப்பட்டால், அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது யாருக்கும் கஷ்டம். தனியாக நடக்கும் பெண்ணை விழுங்கக் காத்திருக்கும் பாதை, பெரியவர் ஒருவர் முன்னே நடக்க இருபது பேர் சேர்ந்து போனால் பள்ளிக்கூடப் பாதையாகிவிடும். உங்கள் வீட்டுக் கஷ்டம் என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தச் சரிவில் குடியிருக்கும் எல்லாருடைய கஷ்டம். அப்படி எடுத்துக்கொண்டால்தான் அதற்குத் தீர்வும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பத்தாவது போதுமா?

மாமியார் மேல் கோபப்படாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை; அவருக்கு முன்பே தீர்மானித்திருந்தார்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். தொழிலாளர்களின் பிள்ளைகளில் 6 முதல் 12 வயது வரை உள்ளவர்கள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்துதர நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தி விதி செய்யலாம் என்றது அது. பன்னிரண்டு வயதுக்கு மேல் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. ஐந்தாவது முடித்த கையோடு கூடையை முதுகில் மாட்டிய தலைமுறைகள் அப்படி உருவானவைதான். 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அந்த எல்லையை 14 வயதுக்கு, எட்டாவது வரைக்கும் நகர்த்தியது. உங்கள் மகளுக்கு இப்போது வயது பதினைந்து. சட்டத்தின் கை எட்டாத இடத்தில் அவள் நிற்கிறாள். அங்கே அவளுக்கு இருக்கும் ஒரே சட்டம் நீங்கள்தான்.

நீலகிரி படித்த மாவட்டம் என்று பெருமையாகச் சொல்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 85 விழுக்காடு. பிரித்துப் பார்த்தால் ஆண்களில் 92 விழுக்காட்டுக்குப் பக்கம், பெண்களில் 79. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவு 47 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஊட்டியின் பெரிய பள்ளிகளில் படிக்க எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். அதே மலையில் பிறந்த பெண் பிள்ளைக்கு ப்ளஸ் ஒன் எட்டவில்லை என்றால் அதை ஒரு வீட்டின் தலைவிதி என்று விட்டுவிட முடியாது.

இந்த மலைப் பெண்களுக்குப் படிப்பு என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அக்கம்மா தேவி படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி. 1962-இல் நீலகிரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்ணை மேல்படிப்புக்கு அனுப்புவது அபூர்வமாக இருந்த காலத்தில் அவரைப் படிக்கவைக்க ஒரு வீடு முடிவெடுத்தது. அந்த முடிவின் பலன் அந்த வீட்டோடு நிற்கவில்லை.

பாதை

யானையைச் சொல்லிப் பெண்ணை நிறுத்துகிறார்கள் என்றால் அது வெறும் சாக்கு இல்லை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே, அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் குழந்தை அது. பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை மகள்கள் மட்டுமே கொடுப்பது நியாயமில்லை. அதே பாதையில் ஆண் பிள்ளைகள் ப்ளஸ் டூ வரை போய் வருகிறார்கள் அல்லவா?

பீகாரில் 2006-இல் ஒன்பதாவது சேரும் பெண்களுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஆண் பெண் இடைவெளி ஐந்தில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பெண்ணைப் படிக்கவைக்க மனசில்லாத ஊர்கள் என்று நினைக்கப்பட்ட இடங்களில், உண்மையில் மனசைவிடத் தூரமே பெரிய தடையாக இருந்திருக்கிறது. நம் சரிவுகளில் சைக்கிள் உதவாது. நமக்கு வேண்டியது சரியான நேரத்துக்கு ஒரு பஸ், இறங்கும் இடத்தில் ஒரு விளக்கு, கூட நடக்க ஒரு பெரியவர்.

பஸ் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். பள்ளி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் போகும் விடியல் பயணத் திட்டமும் 2024-இல் மலைப்பகுதிகளுக்கு நீட்டிக்கப்பட்டுவிட்டது. உங்கள் பிரச்சினை காசில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பள்ளி விட்டு அரை மணி நேரத்துக்குள் பஸ் கிளம்பினால் இருட்டுமுன் வீடு வந்துவிடலாம். இதை எப்படிக் கேட்பது? உங்கள் பகுதியிலிருந்து ஒன்பதாவது முதல் ப்ளஸ் டூ வரை போகும் பிள்ளைகள், போக வேண்டியிருந்தும் நின்றுவிட்ட பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் ஊர், வகுப்பு, வயதோடு எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் பேச வேண்டிய இடமே அதுதான். தீர்மானத்தின் நகல்களைப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும், திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

வனச்சரக அலுவலகத்துக்கும் தனியாக ஒரு மனு கொடுங்கள். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் சொல்லும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. யானை பக்கத்தில் இருந்தால் தோட்டப் பாதைகளில் சிவப்பு விளக்கு எரியும். எரியவைப்பவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே. அங்கே முடிந்தது உங்கள் பக்கமும் முடியும். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் நேரத்தில் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரின் துணை வேண்டும் என்றும் கேளுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை மகளை வீட்டில் உட்காரவைக்காதீர்கள். அரசின் மாணவியர் விடுதிகளில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கிடையாது. சமூகநீதி விடுதி என்று இப்போது அவற்றுக்குப் பெயர். பக்கத்தில் எந்த விடுதியில் இடம் இருக்கிறது என்று சேர்க்கைக்குப் போகும் அன்றே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பிரிந்து இருப்பது உங்களுக்கும் அவளுக்கும் கஷ்டம்தான். படிப்பை விட்டுப் பிரிவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

வீட்டுக்காக வேலை

லைன் வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டங்களின் வழக்கம். அதனால் ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒரு பிள்ளை படிப்பை விட்டுப் பேர் பதிகிறது. பல வீடுகளில் அது மகளாகிவிடுகிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மேலே நின்று மேற்பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்ற நிலை தலைமுறை கடந்தும் மாறாமல் இருப்பதற்கு இந்த வீட்டுக் கணக்கும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டுக்காரரின் கவலை உண்மை. ஆனால் அதற்கு அவர் சொல்லும் வழி உறுதியானதா? அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயே நஷ்டத்தால் தன்னிடம் இருந்த நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022-இல் முடிவானது. பச்சைத் தேயிலை விலை எப்படி ஆடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று பதினைந்து வயதுப் பெண் அடுத்த நாற்பது வருஷத்துக்கு நம்பக்கூடிய வீடு அந்த லைனில் இல்லை. ஓய்வு பெறும் தொழிலாளிக்குக் குடியிருப்பு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதைத் தொழிற்சங்கத்தின் மூலமாக, தோட்டத் தொழிலாளிகள் எல்லாரும் சேர்ந்து, வீட்டுரிமையாகக் கேளுங்கள். அதற்கு ஈடாக மகளின் படிப்பை வைக்காதீர்கள். செவிலியராகவோ ஆசிரியையாகவோ ஆய்வகத் தொழில்நுட்பராகவோ அவள் வேலைக்குப் போனால், வாடகை வீடு என்றாலும் உங்கள் முதுமைக்கு அது பெரிய பாதுகாப்பு.

மில்லுக்கு ஆள் எடுக்க வந்தவரிடம் ‘இனி இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லி, பெண்களை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கிய கதைகள் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ஏராளம். பாதியில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு அந்த மொத்தப் பணம் கிடைக்கவில்லை. பதினெட்டு ஆகாத பெண்ணை யாராவது வற்புறுத்தி அழைத்துப் போனாலோ, கல்யாணப் பேச்சு எடுத்தாலோ 1098-க்குப் போன் செய்யலாம்.

மகனும் மகளும்

இரண்டு பேருக்கும் செலவு செய்ய முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னால், அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். மூன்று வருஷப் பட்டப் படிப்புக்கு 36,000 ரூபாய். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த திட்டத்தைத்தான் 2022-இல் இப்படி மாற்றினார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்க உதவிய அரசு, அவளைப் படிக்கவைக்க உதவத் தொடங்கியது. நம் மாநிலத்தில் பெண்களுக்காக நடந்த நல்ல மாற்றங்களில் இதற்கு நான் முதல் வரிசையில் இடம் கொடுப்பேன். பங்களாதேஷில் 1994-இலேயே கிராமத்துப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகையை நாடு முழுக்கக் கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பு முடியும்வரை கல்யாணம் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. கையில் காசு வரும் என்றால் வீட்டின் பேச்சு மாறும் என்பதை அந்த ஏழை நாடு நமக்கு முன்பே காட்டிவிட்டது.

இன்னும் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஊட்டியிலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். கூடலூரிலும் ஊட்டியிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. இத்தனை கதவுகளும் உங்கள் மகளுக்குத் திறந்திருக்கின்றன. தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தால் இவற்றில் பெரும்பாலானவை உங்கள் மகனுக்கு மூடிவிடும். அவன் இப்போது ஆறாவது போகப்போகிறான். அரசுப் பள்ளிக்கு மாற்றுவதானால் இதுதான் நேரம். மாற்றினால் ஏழு வருஷக் கட்டணமும் வேன் வாடகையும் மிச்சம். கல்லூரிக்குப் போகும்போது அவனுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முடிவு உங்கள் இருவருடையது. மகனுக்குக் காசு வேண்டும் என்பதற்காக மகளை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை என்பதை மட்டும் வீட்டுக்காரருக்குப் புரியவையுங்கள்.

படிப்புச் செலவை மட்டும் சமமாக்கினால் போதாது. ப்ளஸ் ஒன் படிக்கும் பெண் விடிகாலையில் தண்ணீர் பிடித்து, சமையலில் நின்று, பஸ்ஸுக்கு ஓடி, ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்க முடியும் என்றால் அவள் மார்க் குறையும். அப்போது ‘படிப்பு ஏறவில்லை’ என்பார்கள். பத்து வயது மகனுக்கு அடுப்பும் துடைப்பமும் தெரியட்டும். அது அவனுக்கும் நல்லது.

சிலோன் காகிதங்கள்

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. போவதா இருப்பதா என்று அந்த மக்களைச் சரியாக யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. பிற்பாடு அதுதான் டேன்டீ ஆனது. உங்கள் பெற்றோர் அழைத்து வரப்பட்டவர்கள், தாயகம் திரும்பிய இந்தியக் குடிமக்கள். ‘சிலோன்காரங்க’ என்று சொல்லிச் சான்றிதழைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை.

பெற்றோர் கொண்டுவந்த இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பூர்வீக ஊரில் இருக்கும் நெருங்கிய ரத்த உறவினரின் சாதிச் சான்றிதழ் — இவற்றில் கிடைப்பதை எல்லாம் சேர்த்து இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்கள் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் உள்ள மறுப்புக்கு மேல்முறையீடு உண்டு, வாய்ப்பேச்சுக்குக் கிடையாது. இதே அலைச்சல் உங்கள் லைனில் இன்னும் பல வீடுகளில் இருக்கும். ஒரே நாளில் சேர்ந்து போய் மனு கொடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் ப்ளஸ் ஒன் முதலே மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. சான்றிதழ் தாமதமானால் அதுவும் கைநழுவும்.

காலனிப் பிள்ளை

‘அதுங்க படிக்காதுங்க’ என்பதை இனி உங்கள் முன்னால் யார் சொன்னாலும் மறுத்துப் பேசுங்கள். பணியர்கள் தலைமுறை தலைமுறையாக வயநாட்டு நிலங்களில் அடிமைப்பட்டு உழைத்தவர்கள். கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்ததே 1976-இல்தான். அந்தப் பெண்ணின் பாட்டிக்கு நிலமும் இல்லை, கூலியைப் பேசும் உரிமையும் இல்லை. பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் பேத்தி பள்ளிக்கூடம் வரை வந்ததே பெரிய தூரம். வீட்டில் பணிய மொழி பேசிவிட்டு, முதல் வகுப்பில் ஆசிரியர் சொல்வது பாதி புரியாமல் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையின் கேலியையும் தாங்கிக்கொண்டு படித்த பிள்ளை அவள்.

கூடலூரில் வித்யோதயா என்றொரு பள்ளி இருக்கிறது. ராமதாஸ், ரமா சாஸ்திரி தம்பதி சிறிதாகத் தொடங்கிய பள்ளி. 1990-களின் நடுவில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தோடு சேர்ந்து அதை ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக ஆக்கினார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அங்கே தங்கள் பாட்டோடும் கதையோடும் மொழியோடும் படிக்கிறார்கள். அந்தச் சமூகங்களின் இளைஞர்களே பயிற்சி பெற்று ஆசிரியர்களானார்கள். பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால், படிக்காது என்று சொல்லப்பட்ட பிள்ளை படிக்கும் என்பதை உங்கள் பக்கத்து ஊரே காட்டியிருக்கிறது. அந்தச் சங்கம் உருவான விதத்தையும் நினைத்துப் பாருங்கள். 1988-இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர்த் தெருவில் ஒன்றாக நடந்து நில உரிமை கேட்டார்கள். அதுவரை கண்ணில் படாதவர்களை அன்று ஊர் பார்த்தது.

அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. கட்டாயக் கல்விச் சட்டம் அவளை முழுதாகக் காக்கிறது. நடுவில் விட்டிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். காகிதம் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. தலைமை ஆசிரியரிடம் ‘பள்ளி செல்லாக் குழந்தை’ என்று அவள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். இஞ்சிக் காட்டுப் பருவத்தில் பெற்றோர் மறுபடி போவார்கள். அப்போது அவள் தங்கிப் படிக்கப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கேட்கலாம். அதற்கு அவள் தாயின் சம்மதம் வேண்டும். அந்தத் தாயிடம் பேசப் போகும்போது புத்தி சொல்லப் போகாதீர்கள். என் மகளும் போகிறாள், இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும் என்று கேளுங்கள். உங்கள் மகளையும் கூட்டிப் போங்கள். ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் பிள்ளைகள் லைனில் இருந்தால் அவர்கள் வீட்டுக்கும் போங்கள். மொழி தெரியாத ஊரில் அந்தப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம், இதே உரிமை.

உலகம் முழுக்க 27 கோடிக்கும் அதிகமான பிள்ளைகளும் இளைஞர்களும் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்கிறது யுனெஸ்கோ. ஆப்கானிஸ்தானில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் படிக்கக்கூடாது என்று ஆள்பவர்களே தடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் எந்த அரசும் உங்கள் மகளைத் தடுக்கவில்லை. தூரம், இருட்டு, வீட்டுக் கணக்கு, ஒரு காகிதம், ஒரு மொழி, ஒரு ஏளனச் சொல் — இவைதான் தடுக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரிடம் போய்ச் சரிசெய்வது என்று நமக்குத் தெரியும். தெரிந்தபிறகும் விட்டால் அது நம் குற்றம்.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய் மகளுக்கு இடம் வாங்குங்கள். சயின்ஸ் குரூப் சீக்கிரம் நிரம்பிவிடும். பஸ்ஸும் சான்றிதழும் பின்னால் வரட்டும். இடம் போனால் ஒரு வருஷம் போய்விடும். அடுத்து அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதுங்கள். லைன் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள் என்று பிரிக்காமல் ஒரே தாளில் எழுதுங்கள். மனுவிலும் எல்லாத் தாய்மாரும் கையெழுத்திடட்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கட்டும். பிள்ளைகளோடு யார் எந்த நாள் நடப்பது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். அதில் அப்பாக்களின் பெயரும் இருக்க வேண்டும்.

பள்ளி திறந்து முதல் ஒரு மாதம்தான் பெரிய சோதனை. சேர்க்கை எளிது. மழை பிடித்த ஜூன், ஜூலையில் தொடர்ந்து போவதுதான் கஷ்டம். வாரம் ஒரு முறை பட்டியலைப் பாருங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்றாம் நாளே யாராவது போக வேண்டும். பத்து நாள் கழித்துப் போனால் அந்தப் பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். இந்த ஒரு பழக்கத்தை உங்கள் லைன் பிடித்துக்கொண்டால், உங்கள் மகள் ப்ளஸ் டூ எழுதும் வருஷத்தில் அவளுக்குப் பின்னால் பத்தாவது எழுத இன்னும் பல பெண்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாவது காலனியிலிருந்து வந்தவளாக இருக்க வேண்டும். அதற்கான வேலையை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள், இந்தக் கடிதத்தை எழுதியபோதே.